விடியுமுன் ரயில், விடிந்தபின் பூ
தங்கவயல் லைன் வீட்டில் பிறந்த புதுச் செம்பருத்தி

கோலார் தங்கவயல்: மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்கு இருட்டோடு புறப்படும் ரயிலில் யார் எந்த ஜன்னலோரம் உட்காருவார் என்பது எல்லோருக்கும் தெரியும். சட்டைப் பையில் சீசன் டிக்கெட், கையில் சாப்பாட்டுப் பை, பனிக்காலமானால் கழுத்தில் மஃப்ளர். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு இங்குள்ள பல தமிழ்க் குடும்பங்களுக்குச் சோறு போட்டு வருவது இந்த வண்டிதான். போக ஏறக்குறைய 100 கிலோமீட்டர், வர அதே 100 கிலோமீட்டர்.

அந்தக் கூட்டத்தில் 54 வயதான ஒருவர் இருக்கிறார். பெங்களூரில் ஒரு தனியார் கம்பெனியின் ஸ்டோரில் குமாஸ்தா. மாலையில் ஊர் திரும்பும்போது அவருடைய காலி சாப்பாட்டுப் பைக்குள் ஒரு சின்ன மாத்திரை பாட்டில் இருக்கும். அதற்குள் இருப்பது மாத்திரை அல்ல, மகரந்தம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்பெனிக்கு அருகிலுள்ள ஒரு தோட்டக்காரரிடம் கேட்டு வாங்கிய செம்பருத்திப் பூவின் நடுத்தண்டு அது.

"தங்கம் எடுத்த ஊருக்குப் பெங்களூரிலிருந்து மஞ்சள் பொடி கொண்டுபோகிறீர்களா?" என்று கூட வருபவர்கள் கேலி செய்வதுண்டு. அவர் சிரித்துக்கொள்வதோடு சரி.

வீட்டுக்கு வந்ததும் பாட்டில் மனைவியின் கைக்குப் போகிறது. இரவு முழுவதும் அது குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஊறுகாய் பாட்டிலுக்குப் பக்கத்தில் நிற்கும். மறுநாள் காலை வெயில் ஏறி லைன் வீட்டு வாசலில் செம்பருத்தி மலரும்போது கணவர் ரயிலில் எங்கேயோ போய்க்கொண்டிருப்பார். ஆகவே பூவுக்குப் பூ மணம் முடித்து வைக்கும் வேலை அந்த அம்மாளுடையது.

இப்படி 2017ஆம் ஆண்டில் தொடங்கிய இந்தத் தம்பதியின் முயற்சியில், உலகில் வேறு எங்கும் இல்லாத ஒரு செம்பருத்தி இன்று அவர்கள் வாசலில் நிற்கிறது. அது பிழைத்த கதை சற்று நீளமானது.

ஒரு நாள் வாழ்வு

செம்பருத்தியை அறியாத தமிழர் இல்லை. தலைக்கு எண்ணெய் காய்ச்சவும், சாமிக்குச் சாத்தவும், வேலி ஓரத்தில் வைக்கவும் பயன்படுவது. பருத்தி, வெண்டை, பூவரசு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. பெரும்பாலான வகைகளில் பூவின் ஆயுள் ஒரே நாள். காலையில் விரிந்தால் அன்று இரவுக்குள் சுருங்கிவிடும்.

1753ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் இதற்குச் 'சீனத்து ரோஜா' என்று பொருள்படும் அறிவியல் பெயரை வைத்தார். ஆனால் காட்டில் தானாக வளரும் நிலையில் இந்தச் செடியை உறுதியாகக் கண்டவர் யாரும் இல்லை. மனிதர்கள் கையோடு கொண்டுபோன இடமெல்லாம் போய், அங்கங்கே வேரூன்றிய செடி இது. இன்று மலேசியாவின் தேசிய மலரும் இதுதான். 1960ஆம் ஆண்டில் அந்த நாடு அவ்வாறு அறிவித்தது.

கலப்பு மணமும் இதற்குப் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மொரீஷியஸ் தீவில் சார்லஸ் டெல்ஃபேர் என்பவர், அந்தத் தீவுப் பகுதிக்கே உரிய ஒரு வகையோடு நம் செம்பருத்தியைச் சேர்த்துப் புதுச் செடிகளை உண்டாக்கினார். பிறகு ஹவாய்த் தீவுகளிலும் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இது வீட்டுத் தோட்டக்காரர்களின் பொழுதுபோக்காகவே ஆகிவிட்டது. அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டில் இதற்கென ஒரு சங்கம் தோன்றியது. உலகின் எந்த மூலையில் புது ரகம் பிறந்தாலும் அதன் பெயரைப் பதிவு செய்யும் பொறுப்பு ஆஸ்திரேலிய ஹைபிஸ்கஸ் சங்கத்திடம் உள்ளது.

நம் நாட்டிலும் வேலை நேரம் போக மீதி நேரத்தில் பூவைக் கலந்தவர்கள் உண்டு. கோதுமை ஆராய்ச்சியில் பெயர் பெற்று, இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநராக 1965ஆம் ஆண்டில் பொறுப்பேற்ற டாக்டர் பி.பி. பால், ரோஜாவில் பல புது ரகங்களை உருவாக்கியவர். அவர் படித்த விஞ்ஞானி. தங்கவயல் தம்பதியோ பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். ஆனாலும் பூவைத் தொடும் முறை இரண்டு பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான்.

குச்சி வேறு, விதை வேறு

செம்பருத்தியின் குச்சியை ஒடித்து நட்டால் வருவது அதே செடி. அதே நிறம், அதே இதழ், அதே குணம். அது புதுப் பிறவி அல்ல, பழைய செடியின் இன்னொரு கிளை. விதை போட்டு வளர்த்தால் விஷயம் வேறு. நர்சரியில் விற்கும் கலப்பு ரகங்கள் பல தலைமுறைக் கலப்பில் வந்தவை. ஆகவே ஒரே காயிலிருந்து பத்து விதை முளைத்தால் பத்தும் பத்து விதமாக இருக்கும். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவன் தாத்தாவையும் ஒருத்தி அத்தையையும் உரித்து வைத்திருப்பது போல.

எல்லாச் செம்பருத்தியும் காய்க்காது என்பதையும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் உள்ள பழைய நாட்டுச் சிவப்பு காய் பிடிப்பது மிக அரிது. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்கள் பலவும் இதழ்களாக மாறிவிடுவதால் அதுவும் தாய்ச் செடியாக உதவாது. பெரிய பூ பூக்கும் ஒற்றை இதழ்க் கலப்பு ரகங்களைத்தான் தேட வேண்டும். பெங்களூரில் லால்பாக் அருகே சித்தாபுராவிலுள்ள நர்சரிகளில் இத்தகைய செடிகள் கிடைக்கின்றன. 'பூனா வகை' என்று கேட்டாலே எடுத்துக் கொடுப்பார்கள்.

மணம் முடிக்கும் முறை

செம்பருத்திப் பூவின் நடுவே நீண்டு நிற்கும் தண்டைக் கவனித்துப் பார்த்தால் இரண்டு பகுதிகள் தெரியும். தண்டைச் சுற்றி மஞ்சள் பொடியோடு ஒட்டிக்கொண்டிருப்பவை ஆண் உறுப்புகள். தண்டின் உச்சியில், வெல்வெட் துணியில் செய்த குண்டூசித் தலைகள் போல ஐந்து சிறு மொட்டுகள் இருக்கும். அவையே பெண் உறுப்பின் முடிகள்.

பூ நன்றாக விரிந்த பிறகு, காலை வெயில் சுட்டெரிக்கத் தொடங்குமுன், வேற்றுச் செடியின் மகரந்தத்தை அந்த ஐந்து முடிகளிலும் மெதுவாகத் தடவ வேண்டும். அந்த அம்மாள் பிரஷ் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. கணவர் கொண்டுவந்த தண்டையே நெற்றிக்குப் பொட்டு வைப்பது போல ஐந்து முறை ஒற்றி எடுக்கிறார். செடியின் சொந்த மகரந்தம் முந்திக்கொள்ளாமல் இருக்க, பூ விரியத் தொடங்கும்போதே அந்தப் பூவின் மஞ்சள் பொடிப் பைகளைச் சிறு கத்திரியால் நறுக்கிவிடுகிறார்.

பிறகு காம்பில் ஒரு நூல் கட்டி, சிறு சீட்டில் முதலில் தாயின் பெயரையும் அடுத்துத் தந்தையின் பெயரையும் எழுத வேண்டும். உலகம் முழுவதும் இந்த வரிசைதான் வழக்கம். தேதி அவசியம்.

மறுநாள் இதழ் உதிர்ந்துவிடும். காம்பும் பச்சைக் கிண்ணமும் செடியிலேயே நின்றால் நம்பிக்கை உண்டு. ஒரு வாரம், பத்து நாளில் கிண்ணம் மஞ்சளாகி விழுந்தால் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிடித்தால் இரண்டு முதல் மூன்று மாதத்தில் காய் முற்றிப் பழுப்பாகி வெடிக்கும். வெடித்து விதை சிதறிவிடாமல் இருக்க முன்கூட்டியே ஒரு மெல்லிய துணிப்பையைக் கட்டிவிட வேண்டும். காயில் ஐந்து அறைகள். நன்றாகப் பிடித்தால் 15, 20 விதைகள் கிடைக்கும். பல சமயங்களில் நான்கைந்துதான்.

கடும் வெயில் காலத்தில் எவ்வளவு தடவினாலும் காய் நிற்காது. பெங்களூரு, தங்கவயல் போன்ற ஊர்களில் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். சென்னை, மும்பை போன்ற இடங்களில் டிசம்பர், ஜனவரியை நம்பலாம்.

விதையின் தோல் கெட்டியானது. நகம்வெட்டியால் ஓர் ஓரத்தில் மட்டும் லேசாகக் கீறி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, மணலும் மக்கிய எருவும் கலந்த மண்ணில் அரை அங்குல ஆழத்துக்கும் குறைவாக ஊன்ற வேண்டும். ஒரு வாரத்தில் முளைப்பதும் உண்டு, மூன்று வாரம் காக்க வைப்பதும் உண்டு. முதல் பூவைப் பார்க்க ஒரு வருஷம் முதல் ஒன்றரை, இரண்டு வருஷம்கூட ஆகலாம்.

"பிள்ளை பெற்றால்கூடப் பத்து மாதத்தில் முகம் தெரிந்துவிடும். இது அதைவிடப் பொறுமை கேட்கிறது" என்கிறார் அந்த அம்மாள்.

நாற்பது பக்க நோட்டு

கணவர் குமாஸ்தா அல்லவா? எல்லாவற்றுக்கும் கணக்கு இருக்கிறது. நாற்பது பக்க நோட்டில் கோடு போட்டு எழுதியிருக்கிறார். முதல் நான்கு ஆண்டுகளில் தடவியது 140 பூக்கள். முற்றியது 31 காய்கள். முளைத்து நின்று பூத்தவை 44 செடிகள்.

அந்த 44இல் பெரும்பாலானவை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பெற்றோரை விட மங்கிய நிறம், தலை தொங்கும் பூ, மொட்டிலேயே உதிரும் குணம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை. புது ரகம் உருவாக்குகிறவர்கள் எல்லோருக்கும் இதுதான் அனுபவம். நூறு விதை போட்டு ஒன்று தேறினாலே பெரிது.

லைன் வீட்டு வாசலோ சின்னது. சுரங்கக் கம்பெனிக் காலத்தில் தொழிலாளிகளுக்காக வரிசையாகக் கட்டிய வீடு. பெயிண்ட் டப்பா, உடைந்த பக்கெட், எண்ணெய் டின் எல்லாம் தொட்டிகளாகின. தண்ணீர்த் தட்டுப்பாடான ஊரில் அரிசி கழுவிய தண்ணீரும் காய்கறி அலசிய தண்ணீருமே செடிக்குப் போயின. மாவுப்பூச்சி வந்தபோது பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்துக் கழுவி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சிறிது சோப்பும் கலந்து தெளித்தார்கள்.

"இத்தனைக்கும் இடம் ஏதுங்க? துணி காயப்போட வேண்டாமா?" என்று மனைவி கேட்ட நாளும் உண்டு. 2021இல் ஒரு நாள் எல்லாவற்றையும் விட்டுவிடலாம் என்ற பேச்சுகூட நடந்தது. அப்போது மிச்சமிருந்த செடிகளில் ஒன்றுதான் 23ஆம் நம்பர்.

பூத்தது, பார்க்கவில்லை

23ஆம் நம்பரின் தாய் மஞ்சள் பூனா வகை. தந்தை பெங்களூரிலிருந்து பாட்டிலில் வந்த வெளிர் ஊதா. 2022 ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அது முதன்முதலாகப் பூத்தது. அரைத்த சந்தனத்தின் நிறம். நடுவில் குங்குமச் சிவப்பு, அது இதழின் நரம்பு வழியாகக் கசிந்து ஓடி, ஓரத்தில் வெள்ளையாக முடிந்தது. பூ தலை நிமிர்ந்து நின்றது.

மனைவி போன் செய்தபோது கணவர் ரயிலில் நின்றுகொண்டிருந்தார். போனில் படம் வந்தது. ஆனால் படத்தில் பார்ப்பதும் நேரில் பார்ப்பதும் ஒன்றல்லவே. இரவு எட்டரை மணிக்கு அவர் வீடு வந்து சேர்ந்தபோது இதழ்கள் சுருங்கத் தொடங்கிவிட்டன. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் பேசாமல் சாப்பிட உட்கார்ந்தார் என்று மனைவி சொல்கிறார்.

இரண்டாவது மொட்டும் வேலை நாளில்தான் விரிந்தது. மூன்றாவது மொட்டு மறுநாள் மலரும் என்று தெரிந்ததும் அவர் அரை நாள் லீவு எழுதிக் கொடுத்தார். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதினாராம். பொய் இல்லை. தான் உண்டாக்கிய பூவை அன்றுதான் அவர் பகல் வெளிச்சத்தில் பார்த்தார்.

காப்பாற்றிய வேர்

அந்த மகிழ்ச்சி ஒரு மழைக்காலம்தான் நீடித்தது. கலப்பில் பிறந்த செம்பருத்திகளில் பூ அழகாக இருந்து வேர் பலவீனமாக இருப்பது அடிக்கடி நடப்பது. ஆகஸ்டில் விடாது மழை பெய்ததும் 23ஆம் நம்பரின் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. அடித்தண்டு மெத்தென்று ஆனது. வேர் அழுகல்.

குச்சி நட்டுப் பார்த்தார்கள். நட்ட ஆறும் கறுத்துப்போயின. ஒரே ஒரு செடி. அது போனால் உலகத்தில் அந்தப் பூ இல்லை. விதை போட்டு மறுபடி கொண்டுவரவும் முடியாது. அதே தாய் தந்தையைச் சேர்த்தாலும் பிறப்பது வேறொன்றாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் சித்தாபுரா நர்சரியில் ஒரு பழைய வேலையாள் சொன்னார்: "வேர் இல்லாத பூவுக்கு நாட்டுச் செடியின் வேரைக் கொடுங்கள்."

வீட்டுப் பின்புறத்தில் நாட்டுச் சிவப்பு ஒன்று இருந்தது. கணவரின் தாயார் வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து மணமாகித் தங்கவயலுக்கு வந்தபோது ஈரத் துணியில் சுற்றிக் கொண்டுவந்த குச்சி. அவருடைய கணவர் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமான சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை செய்த காலம் அது. சுரங்கம் மூடிய பிறகும், அந்த அம்மையார் காலமான பிறகும், யாரும் கவனிக்காமலேயே அந்தச் செடி பூத்துக்கொண்டிருந்தது. ஒரு காய்கூடக் காய்த்ததில்லை. கலப்புக்கு உதவாது என்று கணவர் தம் நோட்டில் அதற்கு இடமே தரவில்லை.

அந்தச் செடியின் குச்சிகளை ஒரு மாதம் முன்பே பைகளில் நட்டு வேர்விட வைத்திருந்தார் மனைவி, கோயிலுக்குக் கொடுப்பதற்காக. அவற்றில் பென்சில் கனமுள்ள ஐந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். சவர பிளேடால் தலையை வெட்டி நடுவில் ஒரு அங்குல ஆழத்துக்குப் பிளந்தார்கள். 23ஆம் நம்பரின் மேல்கிளைகளில் இன்னும் பச்சை இருந்த இடத்திலிருந்து நான்கு அங்குலத் துண்டுகளை எடுத்து, இலைகளைக் கிள்ளி, அடியை ஆப்பு போலச் சீவி அந்தப் பிளவில் செருகினார்கள். ஒரு பக்கமாவது பட்டையும் பட்டையும் சரியாகச் சேர வேண்டும், அதுதான் முக்கியம். பிளாஸ்டிக் நாடாவால் இறுகச் சுற்றி, மேலே பாலிதீன் பையைக் கவிழ்த்து, வெயில் படாத மூலையில் வைத்தார்கள்.

அக்டோபர் முதல் வாரத்தில் 23ஆம் நம்பர் தாய்ச்செடி செத்துப்போனது. ஒட்டுக் கட்டிய ஐந்தில் மூன்று கறுத்தன. நான்காவது வாரத்தில் மீதி இரண்டில் பாசிப்பயறு அளவுக்குப் பச்சை முளை எட்டிப் பார்த்தது.

"அத்தை காப்பாத்திட்டாங்க" என்றுதான் அன்று மனைவி போனில் சொன்னாராம்.

இப்போது ரயிலில்

அந்த இரண்டு செடிகளும் இன்று இடுப்பளவு உயரம். அவற்றிலிருந்து மேலும் பல ஒட்டுகள் கட்டி, உறவினருக்கும் ரயில் நண்பர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஒரே இடத்தில் வைத்திருந்தால் மறுபடி ஆபத்து வரலாம் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அல்லவா? பெயர் இன்னும் வைக்கவில்லை. பதிவு செய்யச் சொல்லிச் சிலர் யோசனை கூறுகிறார்கள். சீட்டில் இப்போதும் '23' என்றுதான் இருக்கிறது. அதற்குக் கீழே மனைவியின் கையெழுத்தில் 'வேர்: அத்தை' என்று ஒரு வரி.

குவார்ட்டர்ஸிலும் வாடகை வீட்டிலும் குடியிருப்பவர்களுக்கு இது ஏற்ற பொழுதுபோக்குத்தான். வெயில் படும் ஒரு பால்கனி, ஒற்றை இதழ்க் கலப்புச் செம்பருத்தி இரண்டு, கொஞ்சம் நூல், சீட்டு. செலவு அவ்வளவே. மாற்றல் வந்தால் தொட்டியைத் தூக்கிக்கொண்டு போகலாம். தொட்டி போக வழியில்லை என்றால் விதையைக் காகிதத்தில் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம் என்கிறார் அந்த அம்மாள். புதுச் செடிக்கு இடம் போதவில்லை என்று வேலி ஓரத்து நாட்டுச் சிவப்பை வெட்டி எறிந்துவிடக் கூடாது.

சென்ற நவம்பர் முதல் அந்த விடியற்காலை ரயிலில் இன்னும் இருவர் பையில் மாத்திரை பாட்டில் வைத்துக்கொண்டு போகிறார்கள். மாலையில் வண்டி பங்காருப்பேட்டையைத் தாண்டியதும் மூன்று பாட்டில்களும் வெளியே வருகின்றன. யாருடைய மகரந்தம் யார் வீட்டுச் செடிக்கு என்று பேசி முடிப்பதற்குள் மாரிக்குப்பம் வந்துவிடுகிறது.